எட்டு ஆகாது

லாட்டரிக் கடை முன்னால் முதலில் வரும் பேருந்தின் நம்பர் பலகையில் கடைசி எண் எதுவோ, அதில் முடியும் சீட்டைத்தான் என் மனைவி பூரணி வாங்குவாள். எட்டு என்றால் மட்டும் ஆகாது. அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். நான் புள்ளியியல் படித்தவன். "எல்லா நம்பருக்கும் ஒரே சான்ஸ்தான்" என்பேன். "அப்ப என் நம்பருக்கும் அதே சான்ஸ்தானே? வாங்குப்பா" என்பாள். ஒருமுறையும் பரிசு விழுந்ததில்லை. அவள் இறந்தபின் இன்றுதான் கடைக்குப் போனேன். தங்கையா அண்ணன் சீட்டுகளை விசிறிபோல் விரித்து நீட்டினார். "எதையாச்சும் எடுங்க தம்பி. எல்லாம் ஒண்ணுதான்னு நீங்கதான சொல்வீங்க?" "ஒண்ணுதாண்ணே" என்றேன். பேருந்து வந்தது. எட்டில் முடிந்தது. கையை இழுத்துக்கொண்டேன். "அடுத்த வண்டிக்கு ரொம்ப நேரமாகும் தம்பி." "ஆகட்டும்ணே."