பெயரில்லாத சீட்டு

ஜெபப் பெட்டியில் கிடந்த பெயரில்லாத சீட்டைப் பாஸ்டர் தானியேல் சபையில் வாசித்தார். புருஷன் தினமும் அடிக்கிறான், போலீசுக்குப் போகலாமா என்று யாரோ ஒரு சகோதரி கேட்டிருந்தாள்.

“போலீஸ் எதுக்கும்மா? கர்த்தரை நம்பி உபவாசம் இரு. அவரே புருஷன் மனசை மாத்துவார்!”

சபையே அல்லேலூயா போட்டது. ஆராதனை முடிந்ததும் எப்சிபா நேராக அவரிடம் போனாள்.

“நேத்து கடைவாய்ப் பல்லு உடைஞ்சிடுச்சு பாஸ்டர். இன்னும் பொறுக்கணுமா?”

“டிகிரி முடிச்சதும் விசுவாசம் போயிடுச்சா? பல்லு போனா கட்டிக்கலாம். குடும்பம் போனா கட்ட முடியுமா?”

“அதையே இந்தப் போன்ல சொல்லுங்க. லைன்லதான் இருக்கா.”

“யாரு?”

“உங்க மக கெசியா. உடையார்பாளையத்துலேருந்து. அப்பாகிட்ட நேரா கேக்கப் பயந்துதான் என்னைய எழுதிப் போடச் சொன்னா.”

பாஸ்டர் போனைப் பிடுங்கினார். “அழாதடி தங்கம், அப்பா வரேன்! அந்த நாயை இன்னிக்கே உள்ள தள்றேன்!” வெளியே பார்த்துக் கத்தினார். “காரை எடுங்கடா, ஸ்டேஷனுக்கு!”

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அன்னபாக்கியம் நிமிர்ந்தாள்.

“கார்ல எனக்கும் எடம் இருக்குமா பாஸ்டர்? நீங்க சொன்னீங்கன்னு ஏழு வருஷமா உபவாசத்துலதான் இருக்கேன்.”