வாசலில் மூன்று காடி

“பொண்ணு பார்க்க வர்றவங்க வாசல் வழியா வரணுமா, இல்ல உங்க காடி மேல ஏறிக் குதிச்சு வரணுமா?”

பிரேமாவதி போட்ட சத்தம் லோரோங் சந்து முனைவரை கேட்டது. கணவர் பக்கிரிசாமி எஞ்சினிலிருந்து தலைநிமிரவில்லை.

“ஒண்ணு முடியப் போகுதுலா. கார்புரேட்டர் மட்டும்தான் பாக்கி.”

மகள் லோகேஸ்வரி பாலர் பள்ளிக்குப் போன காலத்திலும் அதே கார்புரேட்டர்தான் பாக்கி. வாசலில் மூன்று பழைய கார்கள்; காடி என்று பேர்தான், எதுவும் ஓடாது. போன தடவை வந்த மாப்பிள்ளை வீட்டார் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

இம்முறை பிரேமாவதி கித்தான் போட்டு மூடி வைத்தார். பெண்டாங்கிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா குணசுந்தரி, முதல் வேலையாகக் கித்தானைத் தூக்கிப் பார்த்தார். பிரேமாவதி அவசரமாக அதை மறுபடி இழுத்து மூடினார்.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் குணசுந்தரி பிரேமாவதியை அடுப்படிக்குத் தனியே அழைத்துப் போனார்.

“பொண்ணப் பிடிச்சிருக்கு. சீர்வரிசை ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு கண்டிசன்.”

“தெரியும்க்கா. நாளைக்கே லோரி வச்சுத் தூக்கிடறேன்.”

“ஐயையோ, தூக்கிடாதீங்க. பக்கத்துல இன்னும் ரெண்டு நிறுத்த இடம் இருக்குல்ல? எங்க வீட்டுக்காரரோடதையும் இங்கயே கொண்டாந்து விட்டுடறோம்.”

தையில் கல்யாணம் நடந்தது. லோகேஸ்வரி பெண்டாங் போனாள். இரண்டு காடிகள் இங்கே வந்தன. ஞாயிறு தவறாமல் சம்பந்தியும் வந்து காடிக்கு அடியில் படுத்துக்கொள்கிறார்.

பிரேமாவதி இப்போது பாதி நாள் மகள் வீட்டில்தான். கோலம் போட அங்கேதான் வாசல் இருக்கிறதாம்.