பஞ்சவர்ணம்

"டேய், நீ கடலுக்கு வந்திருக்கியா, சர்க்கஸுக்கு வந்திருக்கியா?"

படகுல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. கத்தினது யூனிஃபார்ம். வாங்கிக் கட்டிக்கிட்டது அவரோட மச்சான் பஞ்சவர்ணம், அதாவது பொண்டாட்டியோட தம்பி. ரெண்டு பேருமே டைவிங் கிளப் வெச்ச பேருலதான் ஓடிக்கிட்டிருக்காங்க.

யூனிஃபார்ம் டீம்ல சட்டம்னா சட்டம். மாஸ்க், சூட், சிலிண்டர், கால்ல மாட்டுற ஃபின், எல்லாம் கறுப்பு. எல்லாம் ஒரே மாடல். டார்ச் வலது தோள்ல, கத்தி இடுப்புல, அவசரத்துக்கு இன்னொரு காத்துக் குழாய் கழுத்துல.

"கண்ணை மூடிக்கிட்டுக் கை வெச்சாலும், எவன்கிட்ட எது எங்க இருக்குன்னு தெரியணும். அதான் டீம். அவனவன் இஷ்டத்துக்கு மாட்டிக்கிட்டு வந்தா அதுக்குப் பேரு சந்தை!"

பஞ்சவர்ணத்தோட இடது ஃபின் கண்ணைக் குத்துற ஆரஞ்சு. வலது, கிளிப் பச்சை. மாஸ்க் ரோஸ். சிலிண்டர் பூரா மஞ்சள் டேப்பு, வரிக்குதிரை மாதிரி.

"எல்லாம் இருக்க வேண்டிய இடத்துலதானே இருக்கு மாமா? கலர்தானே வேற?"

"கலரும் சட்டம்தான்டா! வீட்டுல மட்டும் ஒழுங்கா கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு சுத்துறே. தண்ணியில எறங்கினா என்ன வந்துடுது உனக்கு?"

பஞ்சவர்ணம் பல்லைக் காட்டினான்.

"இளிக்காத. மூழ்கின கப்பலைப் பார்க்க அடுத்த வாரம் போற டீம்ல நீ கிடையாது."

இளிப்பு பொசுக்குன்னு நின்னுடுச்சு. "மாமா, அது மட்டும் வேணாம். எவ்வளவு வேணா திட்டுங்க. ஆனா நான் வந்தே ஆகணும்."

"எதுக்கு? மீனுக்குப் படம் காட்டவா?"

படகுல இருந்த அக்கா, அதான் யூனிஃபார்மோட பொண்டாட்டி, ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. தம்பி வேணாம்னு தலையாட்டினான். உடனே அவங்க மூக்குக் கண்ணாடியைக் கழட்டி டப்பாவுல வெச்சுட்டு, பேசாம கறுப்பு மாஸ்க்கை மாட்டிக்கிட்டாங்க.

'அக்கா தம்பி பாசம்! இதுதான் டீமைக் கெடுக்குது'ன்னு முனகிக்கிட்டே யூனிஃபார்ம் குதிச்சாரு.

கீழ இன்னொரு படகுக்காரங்களும் எறங்கியிருந்தாங்க. தலையிலேர்ந்து கால் வரைக்கும் கறுப்பு, டார்ச் வலது தோள்ல! நம்மாளுக்குப் புல்லரிச்சுப் போச்சு. பாறை ஓரமா ரெண்டு கூட்டமும் கலந்து கடக்கறப்ப, எவன் காலோ பட்டு ஒரே சேறு.

சேறு தெளிஞ்சதும் திரும்பிப் பார்த்தாரு. பக்கத்துலயே கறுப்பு உருவம். விரலை வட்டமாக்கி 'ஓகேவா?'ன்னு கேட்டாரு. டக்குனு 'ஓகே' வந்துச்சு.

பஞ்சவர்ணத்தைத்தான் காணோம். ஒருத்தர் காணாமப் போனா எல்லாரும் நின்னு தேடணும். அவரே போட்ட சட்டம்தான். 'அவன்தான் டீம்லயே இல்லையே!'ன்னு சொல்லிக்கிட்டு முன்னால நீந்தினாரு.

பொண்டாட்டி இன்னிக்கு என்னமா நீந்தறா! எப்பவும் ஒரு பாறை விடாம முட்டுறவ, இன்னிக்கு எதுலயும் இடிக்கலை. கையைக் காட்டின பக்கம் திரும்பறா. பெருமை தாங்கலை அவருக்கு. மேல ஏறும்போது கையைப் புடிச்சு ஆசையா ஒரு அமுக்கு அமுக்கினாரு.

தண்ணிக்கு மேல வந்து மாஸ்க்கைக் கழட்டினா... மீசை!

"யாருய்யா நீ?"

"அதை நான் கேக்கணும் சார். கையை வேற அமுக்கறீங்க. எங்க டீம்ல புதுசா அதுவும் ஒரு சட்டமோன்னு விட்டுட்டேன்."

யூனிஃபார்ம் சுத்தும் முத்தும் பார்த்தாரு. "ஐயோ, என் பொண்டாட்டி!"

அடிச்சுப் புடிச்சுப் படகுக்கு நீந்தி வந்தா, அவங்க துண்டைப் போத்திக்கிட்டு ஹாயா டீ குடிச்சுக்கிட்டிருக்காங்க. பக்கத்துல பஞ்சவர்ணம்.

உயிர் திரும்பி வந்துச்சு. கூடவே கோவமும்.

"நான் முன்னாலதானே போனேன்? நான் கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

"தெரியலைங்க."

"என்னது?"

அவங்க கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு அவரை நேராப் பார்த்தாங்க. "இது இல்லைன்னா எனக்கு நீங்களும் பாறையும் ஒண்ணுதான். பவர் போட்ட மாஸ்க் கேட்டேன். நம்ம மாடல்ல அது வராது, தண்ணிக்குள்ள எல்லாமே பெரிசாத்தான் தெரியும்னீங்க. திரும்பக் கேட்டா கரையிலயே உக்கார வெச்சுடுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"அப்ப இத்தனை நாளா என் பின்னாடி எப்படி வந்தே?"

"உங்க பின்னாடி நான் எப்ப வந்தேன்?"

டீ டம்ளராலயே தம்பி காலைக் காட்டினாங்க. ஆரஞ்சும் பச்சையும் சொட்டிக்கிட்டிருந்துச்சு.

யூனிஃபார்ம் தொண்டையைச் செருமினாரு. அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"இந்த ஃபின்... என் சைஸ்ல கிடைக்குமா மச்சான்?"

"அப்ப கப்பலுக்கு நான் வரலாமா மாமா?"

"வந்து தொலை. ஆனா இந்த ரோஸை எப்படிடா உனக்குப் புடிச்சுது?"

"எனக்கா? கண்றாவியா இருக்கு மாமா. கடையில அக்காவைக் கண்ணாடி இல்லாம நிக்க வெச்சேன். எதெது அதுக்குத் தெரிஞ்சுதோ, அதையெல்லாம் வாங்கிட்டேன். எனக்குப் புடிச்சது கறுப்புதான்!"