ஒன்ஸ் மோர்!

"இன்னும் எட்டுப் பேர் வாசல்ல நிக்கறாங்க! மேல் மாடியில கிடக்கற பெஞ்சையும் தூக்கிட்டு வாங்க!"

வெல்காவுக்கு மூச்சு வாங்கியது. நடப்பது கனவா என்று சந்தேகமாகவும் இருந்தது.

லாட்வியாவின் அந்தச் சின்ன ஊர் அருங்காட்சியகத்தில் குளிர்காலக் கச்சேரிகளை நடத்துகிறவள் அவள்தான். போன மாதம் வாசிக்க வந்தவர்கள் நால்வர். கேட்க வந்தவர்கள் மூவர். இன்றும் கூடம் காலியாகக் கிடந்தால் கச்சேரிக்கே மூடுவிழா. அதை முடிவு செய்யத்தான் மாவட்ட அலுவலகத்திலிருந்து மாரெக்ஸ் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வெல்கா, இந்த ஊர்ல எவனுக்கும் காதே கிடையாதுன்னு சொன்னாங்களே?"

"யார் சார் சொன்னது?"

"நீங்கதான். போன வாரம், போன்ல, அழுதுக்கிட்டே!"

வெல்கா சிரித்துவிட்டாள். மூலையில் எரிந்துகொண்டிருந்த கணப்பில் விறகைத் தள்ளிவிட்டு மறுபடி வாசலுக்கு ஓடினாள். பேக்கரிக்காரி பிள்ளை குட்டிகளோடு வந்திருந்தாள். யாரோ நாயைக்கூடக் கூட்டி வந்திருந்தார்கள். பின்னால் மீன்கடை ஆர்விட்ஸ்!

"நீங்களுமா? செல்லோ வாத்தியத்தை மரம் அறுக்கற சத்தம்னு கிண்டல் பண்ணுவீங்களே!"

"வீட்ல உட்காரவே முடியலைம்மா. வழிய விடு" என்று உள்ளே பாய்ந்தார் ஆர்விட்ஸ்.

கச்சேரி ஆரம்பித்தது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஒரு இருமல் இல்லை, ஒரு கொட்டாவி இல்லை. கடைசிச் சுரம் அடங்கியதும் கூரை அதிரக் கைதட்டல்.

"ஒன்ஸ் மோர்!"

இன்னொன்று வாசித்தார்கள்.

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

செல்லோக்காரன் வியர்வையைத் துடைத்தபடி வெல்காவிடம் குனிந்தான். "அக்கா, கைவசம் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோச்சு."

"முதல்ல வாசிச்சதையே திரும்ப வாசிங்க தம்பி."

"கண்டுபிடிச்சிடுவாங்களே?"

"கண்டுபிடிச்சா என்ன, எழுந்து ஓடிடுவாங்களா?"

யாரும் ஓடவில்லை. திரும்ப வாசித்ததற்கும் தட்டினார்கள். கழற்றி வைத்த கோட்டைத் தேடி ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

மாரெக்ஸ் எழுந்து வந்து வெல்காவின் கைகளைப் பற்றிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு ரசிகர் கூட்டத்தைப் பார்த்ததில்லை. கச்சேரியை நிறுத்தறதாவது! இனிமே மாசா மாசம் இல்ல, வாரா வாரம் நடத்துங்க. நான் உத்தரவு போடறேன்!"

வெல்கா தாழ்வாரத்துக்கு ஓடி, இரவுப் பணியிலிருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

"காஸ்பார்ஸ்! கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம்! ஜெயிச்சுட்டோம்! இனிமே வாரா வாரம் கச்சேரி!"

ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் குழாய் வழியே வெந்நீர் அனுப்பி அறைகளைச் சூடாக வைத்திருக்கும் கொதிகலன் நிலையத்தில், காஸ்பார்ஸ் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

"வாரா வாரமா? அடிப்பாவி! 'பாய்லர் ரிப்பேர், மியூசியத்துல போய்க் குளிர் காயுங்க'ன்னு ஊர் மொத்தத்தையும் ஒரு நாள் ஏமாத்தறதுக்குள்ளயே எனக்கு வேர்த்து விறுவிறுத்துப் போச்சு!"