சிவப்புப் புள்ளி

கோமதிநாயகம் இரண்டு நன்கொடைகள் கொடுத்து வந்தார். கென்யாவில் நசேரியன் என்ற சிறுமியின் படிப்புக்கு ஒன்று. அதே ஊர்க் காட்டில் திரியும் பெண் சிங்கத்தின் கழுத்தில், அது இருக்கும் இடத்தைக் காட்டும் பட்டை மாட்ட இன்னொன்று.

அன்று வீடியோ அழைப்பு. பள்ளிக்கு வெளியே, சிக்னல் கிடைக்கும் ஒற்றை மரத்தடியில் நசேரியன் தனியாக உட்கார்ந்திருந்தாள். தூரதேசம் என்பதால் மனைவி செண்பகம் போனைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஹலோ! நல்லா இருக்கியாம்மா? சாப்ட்டியா?"

"அவளுக்குத் தமிழ் தெரியாதுடி."

"பாசம் தெரியும்லா!"

சிங்கத்தையும் பார்த்துவிடலாமே என்று கோமதிநாயகம் தன் போனைத் திறந்தார். வரைபடத்தில் சிவப்புப் புள்ளி அந்த மரத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. அவர் மனைவியின் போனை எட்டிப் பார்த்தார். நசேரியனின் முதுகுக்குப் பின்னால் உயரமான புல் ஒரே ஓர் இடத்தில் மட்டும் விலகியது. அவள் திரும்பவில்லை. கண் இமைக்காமல், மெதுவாக ஒரு விரலை உதட்டில் வைத்தாள்.

"ஏங்க, முத்தம் குடுக்கா பாருங்க!" செண்பகம் பூரித்துப்போய், இன்னும் பலமாகக் கூப்பிட மூச்சை இழுத்தாள்.

கோமதிநாயகத்தின் கை அவள் வாயை நோக்கிப் பாய்ந்தது.