வாசல் கூண்டும் சட்டப் பலகையும்

கோழிப்பண்ணையின் தகரக் கூரை கொதித்தது. வாசலை ஒட்டிய கூண்டில் ஐந்து கோழிகள் நெருக்கியடித்து நின்றன. ஐந்துக்கும் காலையிலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

பண்ணையைச் சோதிக்க அதிகாரி வருகிறார் என்றதும், சுவரில் மாட்டியிருந்த சட்டப் பலகையைக் கெஞ்சியது சாம்பல் கோழி. "அண்ணே, எங்க கதியை நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

"சொல்லிக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்?" என்றது பலகை. "கூண்டுக்கு மூணு கோழி. வெயிலுக்கு விசிறி. நோய் கண்டா தனிக் கூண்டு. ஒரு எழுத்துகூட அழியல, பாரு."

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். கூண்டின்மேல் காகிதத்தை விரித்து, பலகையில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டார். உள்ளே குனிந்து பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்து வியர்வையைத் துடைத்தபடி கிளம்பிவிட்டார்.

"பாத்தியா, என் பேச்சை அவர் தட்டவே இல்ல," என்றது பலகை.

நான்காம் நாள் வேறொரு அதிகாரி வந்தார். முதலில் வந்தவர் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். அதற்குள் கூண்டில் இரண்டு கோழிகள் செத்து, வெளியே எறியப்பட்டிருந்தன.

இவர் மூக்கைப் பொத்தவில்லை. கூண்டுக்குள் நன்றாகவே குனிந்தார்.

"ஐயா, தள்ளிப் போங்க! இங்க மூச்சு விடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தியது சாம்பல் கோழி.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று எண்ணி முடித்து நிமிர்ந்தார் அவர். "சட்டப்படி சரியா இருக்கு. கோழியும் தெம்பாத்தான் கத்துது."