பாதி வெல்லம்

"ரெண்டையும் போட்டுகினுதானே வறீங்கம்மா?" என்று டாக்டர் கஜபதி மறுபடியும் கேட்டார்.

"போட்டுண்டுதான் இருக்கேன் டாக்டர்," என்றாள் ருக்கு.

பச்சைப் பொய். பெரிய மாத்திரையை மட்டும்தான் அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் குரல்கூட நடுங்கவில்லை. பழகிவிட்டது.

ஈரலில் காமாலைக் கிருமி. ஹெபடைடிஸ் பி என்று பேர் சொன்னார்கள். வந்தோமா போனோமா என்று இல்லாமல் உள்ளேயே குடித்தனம் போட்டுவிட்ட ஜாதி. தினம் ராத்திரி பெரிய மாத்திரை ஒன்று, சின்ன மாத்திரை ஒன்று, இரண்டையும் சேர்த்தே போட வேண்டும் என்று ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவர் இதே கஜபதிதான். பள்ளிப்பட்டுக்காரர். சென்னையில் வேலை; சனிக்கிழமைகளில் திருத்தணி மலையடிவாரத்துக் கிளினிக்கில் உட்காருவார்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரத் தொடங்கியிருந்தன. ஜன்னலுக்கு வெளியே அரோகராச் சத்தம் காதைப் பிளந்தது. அதுவும் ஒரு உபகாரம்தான். உள்ளே பேசுவது பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குக் கேட்காது.

ஊரில் யார் கேட்டாலும், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்பாள் ருக்கு. அவள் அகத்துக்காரர் சந்திரமௌலி மலைமேல் மடப்பள்ளியில் நைவேத்தியம் சமைக்கிறவர். காமாலை பிடித்த வீட்டு மனுஷன் கையால் பிரசாதமா என்று ஒரே ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், தலைமுறை தலைமுறையாக வந்த பாத்தியதை போய்விடும். சாப்பாட்டில் இது ஒட்டாது என்று டாக்டர் தலையால் அடித்துக்கொண்டார். ஊர் நம்ப வேண்டாமா?

சர்க்கரை என்று சொல்லிவிட்ட பாவத்துக்கு, கட்டினவர் கிண்டின சர்க்கரைப் பொங்கலை நாலு பேர் எதிரில் வேண்டாம் வேண்டாம் என்று தள்ள வேண்டியிருந்தது. அது கிடக்கட்டும்.

பக்கத்து நாற்காலியில் மகள் ஸ்னேகா, துணைக்கு வந்தவள். படிப்பு முடிந்துவிட்டது, ஆவணியில் கல்யாணம். பெங்களூர் மாப்பிள்ளை. தானாகத் தேடிக்கொண்டு வந்த நல்ல இடம். அந்தக் கல்யாணம் மட்டும் தடையில்லாமல் நடந்துவிட்டால், தன் ஈரல் எக்கேடு கெட்டாலும் கெடட்டும் என்று முருகனிடம் சொல்லி வைத்திருந்தாள் ருக்கு.

டாக்டர் சென்னையிலிருந்து வந்த ரிசல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடங்கியிருந்த கிருமி மறுபடி தலைதூக்கியிருந்தது. முன்னைவிட அதிகம்.

"ஒண்ண மட்டும் போட்டா கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கும்மா. மொதல்ல அடங்கினாப்ல இருக்கும், அப்பறம் மேல ஏறும். ஏறிடுச்சின்னா அந்த மருந்து அப்பறம் கேக்கவே கேக்காது. அதுக்குத்தானே ரெண்டையும் சேத்துக் குடுக்கறது?"

ருக்கு நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"ஒண்ணுமே போட்டுக்காம இருக்கறதுக்கு, ஒண்ணாவது போட்டுண்டா தேவலைதானே டாக்டர்?"

"எங்கம்மா? இப்டி அரைகொறையா போடறதுக்கு, போடாமயே இருந்திருக்கலாம்."

அடப்பாவி மனுஷா, இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா! சொல்லத்தான் சொன்னார். அவள்தான் காதில் வாங்கவில்லை. பாதி வெல்லம் போட்டால் பொங்கல் பாதியாவது தித்திக்கும். மடப்பள்ளி வீட்டுக்காரிக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. ஈரல் போச்சே என்று அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, பயப்படாதீங்க, வேற மருந்து இருக்கு என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

ஸ்னேகா அம்மாவின் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். "இனிமே நான் பாத்துக்கறேன் டாக்டர். எனக்கு ரத்தம் ஊறணும்னு தினம் ராத்திரி சின்னதா ஒரு மாத்திரையைப் பாலோட கொண்டுவந்து குடுக்கறா. முழுங்கற வரைக்கும் நகரமாட்டா. தன்னுதுன்னா மட்டும் மறந்துடறா."

டாக்டரின் பேனா நின்றது.

போன வருஷம் காலேஜ் ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, ஜூஸ் தந்தார்கள் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் இந்தப் பெண். சில நாள் கழித்து, அந்த ரத்தத்திலும் இதே கிருமி இருக்கிறது என்று அங்கிருந்து வீட்டுக்கு வந்த போனை எடுத்தவள் ருக்கு. பெண்ணிடம் சொல்லிவிடுகிறேன் என்று ரிசீவரை வைத்தவள், பெண்ணிடமும் சொல்லவில்லை, அகத்துக்காரரிடமும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் பார்த்தாச்சா என்று இதே டாக்டர் கேட்டபோது, பார்த்தாச்சு, ஒன்றுமில்லை என்றாள். பெற்றபோதே தன்னிடமிருந்து போயிருக்கிறது. அதை எந்த வாயால் சொல்வாள்? சொன்னால் எந்த மாப்பிள்ளை வருவான்?

டாக்டர் ஸ்னேகாவைப் பார்த்தார். பிறகு ருக்குவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ருக்கு இன்னொரு பொய் சொல்லியிருப்பாள்.

வெளியே ஒரு காவடி மேளத்தோடு கடந்து போனது.

ருக்கு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மகளின் கையைப் பிடித்து, வளையல்களை மேலே தள்ளி, டாக்டரின் மேஜைமேல் நீட்டி வைத்தாள்.

"இவளுக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கோ டாக்டர்."

"எனக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தாள் ஸ்னேகா.